மாஸ்டர் மாமா மேல் கொடுத்த புகார்

அன்புள்ள பெரியவள் அப்பாவுக்கு,

உங்கள் வீட்டுக்காரி எழுதுவது. நானும் பிள்ளைகள் இரண்டு பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மனசைப் பற்றிக் கேட்காதீர்கள், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பிரஷர் மாத்திரையை விடாமல் போடுகிறீர்களா? இன்றைக்குப் போடவில்லை என்றால் போட்டுக்கொண்டு உட்கார்ந்து மேலே படியுங்கள்.

இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். அந்த வெளிநாட்டில் உங்கள் அறை முழுக்க ஆட்கள். நான் அழ ஆரம்பித்தால் நீங்கள் "சரி சரி, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிடுகிறீர்கள். போன வாரமும் அப்படித்தான் வைத்தீர்கள். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது பாருங்கள், அதனால் எழுதுகிறேன்.

பெரியவளுக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்தது உங்களுக்குத் தெரியும். வெள்ளைக் கோட்டு இரண்டு தைத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். வேறு எங்கே போவோம், நம் மாஸ்டர் கடைக்குத்தான் அனுப்பினேன். நீங்கள் பக்கத்து டேபிளில் நின்று துணி வெட்டிய கடை. அவள் நடை பழகிய நாளிலிருந்து "மாஸ்டர் மாமா" என்று ஓடிப்போய் ஏறி உட்கார்ந்த கடை. கூடப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

திரும்பி வந்தவள் நேரே பாத்ரூமுக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். குளித்தாள், குளித்தாள், குளித்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் வருகிற நேரம் முடியப்போகிறது என்று நான் வெளியே நின்று கத்தினேன். அவள் வெளியே வந்து முதலில் சொன்னது இதுதான்: "அம்மா, மாமா பாதியில நம்பர் சொல்றத நிறுத்திட்டாரும்மா."

வேறு யாருக்கும் இது புரியாது. உங்களுக்குப் புரியும். அந்தக் கடையில் பொம்பளைகளுக்கு அளவு எடுக்கும்போது நம்பரை வாய்விட்டுச் சொல்லித்தான் எடுப்பீர்கள். எழுத ஆள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. தோள் இவ்வளவு, கை இவ்வளவு என்று தெருவுக்கே கேட்கும். நம் கல்யாணத்துக்கு முன்னால் நான் ஜாக்கெட் தைக்க வந்தபோது என் இடுப்பளவை நீங்கள் ஊருக்கே ஏலம் போட்டீர்கள். வெட்கத்தில் செத்தேன். கேட்டதற்கு, டேப்பு எங்கே இருக்கிறது என்று அளவு கொடுக்கிறவங்களுக்கும் வெளியே நிற்கிறவங்களுக்கும் தெரியணும், அதுதான் எங்க கடை வழக்கம் என்றீர்கள். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் உங்களைக் கட்டிக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அன்றைக்கு மாஸ்டர் தோளளவு சொன்னார், கையளவு சொன்னார். பட்டனுக்குக் காஜா எடுக்கிற நம் காஜாக்காதான் அளவை எழுதிக்கொண்டிருந்தாள், அவளை வெள்ளை நூல் வாங்கி வா என்று நூல் கடைக்கு அனுப்பினார். திரையை இழுத்துவிட்டார். அதற்கப்புறம் நம்பர் இல்லை. டேப்பை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாராம், கை மட்டும் வந்ததாம். அதற்கு மேல் என்னால் எழுத முடியாது, நீங்கள் அவளைப் பெற்றவர். அவள் தள்ளிவிட்டு வெளியே ஓடி வரும்போது, "இதெல்லாம் வீட்ல போய்ச் சொல்லிக்கிட்டு இருக்காத" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம்.

எனக்குக் கோபத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. மூடி மறைத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன், உங்களிடம் சொல்வதற்கென்ன. பெரியவள்தான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். நீ வரலேன்னா நான் மட்டும் ஸ்டேஷனுக்குப் போறேன் என்றாள். உங்கள் பிடிவாதம்.

ஸ்டேஷனில் ஒரு இன்ஸ்பெக்டர் அம்மா. கத்துகிற ஆள் இல்லை, பொறுமையாகக் கேட்டார். பெரியவளைத் தனி அறையில் உட்கார வைத்து, அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டார்கள். கடைசியில் படித்துக் காட்டினார்கள். மானபங்கம் செய்யும் நோக்கத்தோடு தாக்குதல் என்று இருந்தது. அடிக்கவில்லையே மேடம், ஒரு கீறல்கூட இல்லையே, இவ்வளவு பெரிய வார்த்தை போடுகிறீர்களே என்று கேட்டேன். தாக்குதல் என்றால் அடி விழ வேண்டும் என்று இல்லையம்மா என்றார். ஒருவர் சம்மதமில்லாமல் அவர் மேல் கை வைத்தாலே சட்டத்தில் தாக்குதல்தானாம். அந்தத் தொடுதல் அசிங்கமான எண்ணத்தோடு, பொம்பளையின் மானத்துக்குக் குறை வரும் என்று தெரிந்தே செய்ததாக இருந்தால் இந்தப் பிரிவாம். நடுவில் துணி இருந்தது, சட்டென்று முடிந்துவிட்டது என்பதெல்லாம் கணக்கில்லையாம்.

அன்றைக்கே மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் ஜாமீனில் வந்துவிட்டார். கடை திறந்திருக்கிறது. நான் வீட்டில் வைத்து ஹெம்மிங் செய்துகொண்டிருந்த அவர் கடைத் துணிகளை மூட்டை கட்டிக் காஜாக்காவிடம் கொடுத்து அனுப்பிவிட்டேன். இனி வேறு கடை பார்க்க வேண்டும். தெருவில் எனக்கு முன்னால் போகிறவர்கள் பேச்சை நிறுத்தினாலே நம்மைப் பற்றித்தானோ என்று வேறு தெரு வழியாகத் திரும்பிவிடுகிறேன். கதவைத் தாழ் போட்டேனா என்று எழுந்து எழுந்து பார்க்கிறேன். சின்னவள் கண்ணாடி உடைந்துவிட்டது, அதையும் மாற்ற வேண்டும். குழாய் வாஷர் போய் ஒழுகிக்கொண்டே இருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயம். அரசுத் தரப்பு வக்கீலும் ஒரு அம்மாதான். அந்தக் கடையில் அளவு எடுக்கும் வழக்கம் என்ன என்று கோர்ட்டில் சொல்ல ஆள் வேண்டும் என்கிறார். காஜாக்கா சொல்வாள். ஆனால் அவள் அவரிடம் சம்பளம் வாங்குகிறவள், பயப்படுகிறாள். நீங்கள் அத்தனை வருஷம் அவர் பக்கத்திலேயே நின்றவர். மாஸ்டரைப் பற்றிக் கெட்டதாக ஒரு வரி வேண்டாம். நம்பர் சொல்லாமல் அவர் யாருக்கும் அளவு எடுத்து நீங்கள் பார்த்ததில்லை என்பதை மட்டும் எழுதி அனுப்புங்கள். தேவைப்பட்டால் உங்களைக் கூப்பிடுவார்களாம்.

மாஸ்டர் போன் பண்ணினால் எடுக்காதீர்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்.

கைகால் நோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதிலை எதிர்பார்த்து,
உங்கள் வீட்டுக்காரி

*

பெரியவள் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கைக்கு அடங்காமல் எழுத்து சாய்ந்து சாய்ந்து போயிருந்தது, அழுதுகொண்டு எழுதினீர்கள் என்று தெரிகிறது. நானும் படிக்கும்போது அழுதேன். உங்களுக்கும் சாதாரணக் கஷ்டம் இல்லை. ஊர் பேர் தெரியாத காலத்தில் கூடவே வைத்து வேலை கொடுத்தவர், தன் தம்பி மூலமாக உங்களை அங்கே ஏற்றிவிட்டவர். உங்களுக்கு அவர் அண்ணன் மாதிரி. இதெல்லாம் எனக்குத் தெரியாதா?

ஆனால் நீங்கள் எழுதிய ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எனக்குத் தூக்கம் வரும்.

தெரியாமல் கை பட்டிருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். இதே கேள்வியை வெட்கத்தை விட்டு வக்கீலம்மாவிடம் கேட்டேன். தெரியாமல் பட்டால் குற்றமே இல்லையாம். பஸ் நெரிசலில் படுகிறது, டாக்டர் தொடுகிறார், தையல்காரர் தொடுகிறார், இதையெல்லாம் சட்டம் தண்டிக்காது. எண்ணம் என்ன என்பதுதான் கேள்வி. மனசைக் கிழித்துப் பார்க்க முடியுமா அம்மா என்றேன். நடந்துகொண்ட விதத்தை வைத்துத்தான் கோர்ட் முடிவு பண்ணும் என்றார். நூல் டப்பாவில் வெள்ளை நூல் இருந்தது என்கிறாள் காஜாக்கா, பிறகு எதற்கு நூல் வாங்க அனுப்பினார்? டேப்பு எதற்குக் கழுத்துக்குப் போனது? கடை வழக்கம் எதற்கு நின்றது? தெரியாமல் கை பட்ட ஆள், ஐயோ மன்னிச்சுக்கம்மா என்பாரா, வீட்டில் சொல்லாதே என்பாரா? நீங்களே சொல்லுங்கள்.

அளவு எடுக்கத்தானே போனாள், தொடாமல் எப்படி எடுப்பது என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி பெரியவள் கண்ணில் பட்டுவிடக் கூடாது. பேனாவால் அடித்துவிட்டேன்.

வாபஸ் வாங்கு, அவரை நம் வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்கச் சொல்கிறேன் என்கிறீர்கள். வாங்க நினைத்தாலும் அது இனி நம் கையில் இல்லையாம். குற்றம் என்பது அவளுக்கும் அவருக்கும் நடுவில் உள்ள சண்டை இல்லை, அரசாங்கம் போடுகிற வழக்கு என்றார் வக்கீலம்மா. சாட்சியைப் பேச்சை மாற்றச் சொல்லி யாராவது நெருக்கினால் அது வேறு ஒரு குற்றமாம். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்த்தார். உங்கள் கடிதம் அப்போது என் பையில் இருந்தது.

தொட்டதற்கெல்லாம் ஜெயிலா என்று கேட்டிருக்கிறீர்கள். ஜெயிலும் உண்டு, அபராதமும் உண்டு. எவ்வளவு என்று நீதிபதி பார்த்துத்தான் போடுவார். நம்பி வந்த பெண்ணிடம் செய்ததா என்று பார்ப்பார்களாம், அது தண்டனையைக் கூட்டும். முதல் தடவையா என்று பார்ப்பார்கள், அது குறைக்கும். ஊரில் நல்ல பேர் உள்ளவர் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அதையும் ஒரு ஓரமாக வைத்துப் பார்ப்பார்களாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மாஸ்டர் வீட்டு அக்கா வந்தார். வாசலிலேயே நின்றார், உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. பாவம், இளைத்துப்போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "உன் வீட்டுக்காரரே எங்க வீட்டுக்காரருக்கு நல்லவர்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்னிருக்காரு. பெத்தவருக்கே சந்தேகம் இல்ல, உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

இருக்காது என்று அவரிடம் அடித்துச் சொல்லிவிட்டேன். எங்க வீட்டுக்காரர் அப்படிச் செய்யமாட்டார் என்றேன். வாயால் அப்படிச் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். கடை வழக்கத்தைப் பற்றி நான் கேட்டதற்கு அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் திரும்ப வாங்குங்கள். அடுத்த வாரம் பெரியவளைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கப் போகிறார்கள். சாப்பாடு இறங்கவில்லை அவளுக்கு. வேலைக்கு மட்டும் ஒழுங்காகப் போகிறாள், கோட்டை ரெடிமேடாக வாங்கிக்கொண்டாள், தோளில் தொளதொளவென்று நிற்கிறது. அப்பா கடிதத்தில் என்ன எழுதியிருக்கார் என்று கேட்டாள். உடம்பைப் பார்த்துக்கச் சொல்லியிருக்கார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்னைப் பொய்க்காரி ஆக்காதீர்கள்.

இந்தத் தடவை பதில் எழுத வேண்டாம், போன் பண்ணுங்கள். அறையில் யார் இருந்தாலும் பரவாயில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள், போதும்.

உங்கள் வீட்டுக்காரி

*

பெரியவள் அப்பாவுக்கு,

நீங்கள் போன் பண்ணவில்லை. ஏன் என்று நேற்றுக் கோர்ட்டில் தெரிந்துகொண்டேன்.

காலையிலேயே போய்விட்டோம். வராந்தாவில் பெஞ்சு, அந்தப் பக்கம் மாஸ்டரும் அவர் ஆட்களும், இந்தப் பக்கம் நாங்கள். அவர் என்னைப் பார்த்து எப்போதும்போலத் தலையாட்டினார். பழக்கதோஷத்தில் நானும் ஆட்டித் தொலைத்தேன். அதற்கப்புறம் அவர் பக்கம் திரும்பவில்லை.

முதலில் என்னை விசாரித்தார்கள். வந்ததும் என்ன சொன்னாள், அழுதாளா, எப்போது ஸ்டேஷனுக்குப் போனீர்கள், அவ்வளவுதான். எப்படியோ சொல்லி முடித்தேன். அடுத்து காஜாக்கா. பயந்துகொண்டே வந்தவள், டப்பாவில் நூல் இருந்ததா என்று கேட்டதும் இருந்தது என்று பளிச்சென்று சொல்லிவிட்டாள். ஆனால் கடை வழக்கத்தைப் பற்றிக் கேட்டபோது தடுமாறிவிட்டாள். எழுத ஆள் இல்லாதபோது மாஸ்டர் எப்படி அளவு எடுப்பார் என்று உனக்கு எப்படித் தெரியும், எழுத ஆள் இருந்தால் அந்த ஆள் நீதானே என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். அதற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டியவர் பக்கத்து டேபிளில் நின்ற நீங்கள்.

பிறகு பெரியவளைக் கூப்பிட்டார்கள். மாஸ்டரையும் வக்கீல்களையும் தவிர மற்றவர்களை நீதிபதி வெளியே போகச் சொல்லிவிட்டார், துணைக்கு என்னை மட்டும் உட்கார விட்டார். நம் வக்கீலம்மா கேட்டதற்கெல்லாம் திக்காமல் சொன்னாள். நடுவில் ஒரு தடவை தண்ணீர் கேட்டாள். டம்ளர் பல்லில் பட்டு டக டக என்று சத்தம் கேட்டது.

எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தாமலேயே குடைந்து எடுத்தார். அளவு எடுக்கச் சம்மதித்துத்தானே உள்ளே போனீர்கள் என்றார். "அளவுக்குத்தான் சார் சம்மதிச்சேன்" என்றாள். சின்ன வயதில் மாமா மடியில் உட்கார்ந்ததில்லையா என்றார். உட்கார்ந்திருக்கேன் என்றாள். இதையெல்லாம் நீதிபதி எழுதிக்கொண்டே இருந்தார்.

அப்புறம்தான் அந்த வக்கீல், நீங்கள் மாஸ்டருக்கு எழுதிக் கொடுத்த பேப்பரை எடுத்தார். நம் வக்கீலம்மா எழுந்து ஆட்சேபம் சொன்னார். நீதிபதி யோசித்துவிட்டு, கையெழுத்து யாருடையது என்று மட்டும் கேட்கலாம் என்றார். பேப்பரைப் பெரியவள் கையில் கொடுத்தார்கள். அவள் படித்தாள். நீங்கள் கையெழுத்துக்குக் கீழே போடுகிற அந்த இரண்டு கோடு வரைக்கும் படித்தாள். அவள் கண் இறங்கி இறங்கிப் போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து ஓடிப்போய் அதைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று இருந்தது.

எங்க அப்பா கையெழுத்துதான் என்றாள். உங்க அப்பாவே இவரை ஒழுக்கமானவர்னு எழுதியிருக்காரே, அப்போ அவர் பொய் சொல்றாரா நீங்க பொய் சொல்றீங்களா என்று அந்த வக்கீல் சட்டென்று கேட்டுவிட்டார். நீதிபதி அதட்டினார், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்றார். பெரியவள் பரவாயில்ல சார், சொல்றேன் என்றாள்.

"எங்க அப்பா பொய் சொல்லமாட்டார். அவர் பார்த்த வரைக்கும் மாமா அப்படித்தான் இருந்திருப்பார். ஆனா அந்தத் திரைக்குள்ள அப்பா இல்ல. நான்தான் இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். பேப்பரை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தாள். அந்த வக்கீல் அதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

தன்னைத் தொட்டவனுக்கு முன்னால், கறுப்புக் கோட்டுக்காரர்களுக்கு முன்னால், பெற்ற அப்பாவை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. இதற்கு மேல் இந்த வரியை எழுத எனக்குத் தெரியவில்லை. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். உங்களுக்காக நானும் பொய்தானே சொல்லி வைத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சின்னவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். தட்டில் போட்டதைச் சாப்பிட்டாள். அவள் ஒன்றும் கேட்காமல் இருப்பதுதான் எனக்கு இப்போது எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது. கத்தினால்கூட நிம்மதியாக இருக்கும்.

வக்கீலம்மாவிடம் பேசினேன். நம் தரப்பு சாட்சி இன்னும் முடியவில்லை, கடை வழக்கத்தைச் சொல்ல உங்களைக் கூப்பிட இன்னும் வழி இருக்கிறது என்கிறார். ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டாரே என்றேன். அதற்கென்ன, அதில் எழுதியதும் அவர் பார்த்தது, இதுவும் அவர் பார்த்தது, இரண்டையும் வந்து சொல்லட்டும் என்றார். அடுத்த விசாரணை அடுத்த மாதக் கடைசியில். மாஸ்டருக்கு ஜெயிலா, ஒன்றுமில்லாமல் விட்டுவிடுவார்களா என்று யாராலும் சொல்ல முடியாதாம். அதை நினைத்து இப்போது நான் பயப்படவில்லை. வருகிறது வரட்டும்.

லீவு கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் வேலையை விட்டுவிட்டு வாருங்கள், நானும் பெரியவளும் சம்பாதிக்கிறோம், சமாளித்துக்கொள்ளலாம். எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம், என்னிடம் அப்புறம் மெதுவாகச் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

மாத்திரையை விட்டுவிடாதீர்கள். வழியில் நல்லபடியாகப் பார்த்து வாருங்கள். அவள் இன்றைக்கு வரைக்கும் "எங்க அப்பா" என்றுதான் சொல்கிறாள். அது மாறுவதற்குள் வந்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி